கண் வைத்த மிஷின்

12-6-1972

இன்றும் இவருக்குச் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். பனியன் துணியை அழுத்தித் தேய்க்கும் உருளை மிஷின் இவருடைய வலது கையைத் தின்றுவிட்டது. வாங்கியபோது முதலாளி ரத்தினசாமிக்கு எத்தனை பெருமை! "சுப்பையா, இதுக்குக் கரண்டுக் கண்ணு இருக்குது. கை கிட்டப் போனாத் தானா நின்னுக்கும். மனுசன் தப்புவான், இது தப்பாது."

அதை நம்பித்தான் சிக்கிய துணியை எடுக்கப் போனார். நிற்கவில்லை. இப்போது முதலாளி சொல்கிறார், இவரே அந்தக் கண்ணை மறைத்து வைத்தாராம்!

3-7-1972

நஷ்டஈடு கேட்டிருக்கிறோம். எங்கள் வக்கீல் கையை விரிக்கிறார். "மிஷினக் கூண்டுல ஏத்த முடியாதும்மா. செஞ்சவன் சீமையில இருக்கான். வாங்குனவரு எனக்கென்ன தெரியும்ங்கறாரு."

மிச்சம் யார்? கை போனவர்தான்.

19-7-1972

இடது கையால் சாப்பிட வெட்கப்படுகிறார். நான் அடுப்படிக்குப் போன பிறகே தட்டைத் தொடுகிறார்.

8-8-1972

கோயமுத்தூரில் விசாரணை. முதலாளியின் வக்கீல் தேனாகப் பேசினார்.

"கையைப் பாத்தாத் தானா நிக்கற மிஷினுங்க."

"ஆமாங்க."

"வேலை சீக்கிரம் ஆகட்டும்னு கண்ணை மறைச்சுட்டீங்க."

"ஆமாங்க."

குமாஸ்தா டைப் அடித்துக்கொண்டே போனார். ஐயோ, அது சம்மதம் இல்லையே! பெரிய மனிதர் பேசினால், கேட்டுக்கிட்டு இருக்கறேனுங்க என்பதற்கு நாங்கள் போடுகிற ஆமாங்க. எழுந்து கத்தினேன். உட்காரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் கேட்டேன், ஏனுங்க அப்படிச் சொன்னீங்க என்று.

"அவரு பேசறப்ப எப்படி ஞானா கம்முனு இருக்கறது? மரியாத இல்லீல்ல."

இந்த மனுசனை என்ன செய்ய? கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

27-9-1972

தீர்ப்பு. தொழிலாளியே ஒப்புக்கொண்டாராம். மிஷின் மேல் குறை இல்லையாம். தள்ளுபடி.

15-11-1972

முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட் வாட்ச்மேன் வேலை தருகிறாராம். இவர் எழுந்து நின்றார்.

"மிஷின் கம்பெனிக்காரன் வந்து பாத்தான் சுப்பையா. அந்தக் கண்ணு வந்தப்பவே கோளாறாம். மாத்தீட்டான். இப்ப டக்குனு நிக்குது."

"ஆமாங்க" என்றார் இவர்.

நான் விடவில்லை. "அப்ப அன்னிக்கும் அது கோளாறாத்தான் இருந்துச்சுங்களா?"

"ஆமாம்மா" என்றார், ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே.

டைப் அடிக்க அங்கே யாரும் இல்லை. நான் எழுதி வைக்கிறேன். இதை எந்தக் கோர்ட்டு படிக்கும்?

நாளை முதல் இவருக்குக் கேட்டில் வேலை. காக்கிச் சட்டைக்குப் பொத்தான் அதிகம்.