கென்னத்துக்குப் பதில் போனவர்

கூலிம்
4.7.1943

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையில் சுகம். கென்னத் நேற்று உங்கள் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தார். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க, ஜப்பான்காரன் எல்லாரையும் திடலில் நிறுத்தினானாம். தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியான உங்களையே ஆளைக் காட்டச் சொன்னானாம். என் புருஷன் கென்னத்துக்குக் காய்ச்சல் என்றீர்களாம். அவருக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. இவனுக்குப் பதில் யார் என்று கேட்டதும், பக்கத்தில் நின்ற ரப்பர் பால்வெட்டுக்காரர் முருகையாவைக் காட்டினீர்களாம். இதைச் சொல்லிக்கொண்டே அவர் இரண்டு தட்டு மரவள்ளிக்கிழங்கு தின்றார். பொய் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
அகத்தா

சுங்கை லாலாங்
11.7.1943

அன்புத் தங்கைக்கு,

நடந்தது மெய்தான். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? உன்னை விதவையாக்கவா?

இத்தனை வருஷம் கிரிக்கெட்டில் அம்பயராக நின்றேன். வெள்ளைக்காரப் பெரிய துரைக்கே அவுட் கொடுத்தேன். அதற்காக என்னைச் சிடாம் கிரி தோட்டத்துக்கு மாற்றி விரட்டினார்கள். உன் கல்யாணம் முடிந்த கையோடு கென்னத்துக்கும் அவுட் கொடுத்தேன். நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்த்தவர்கள் கைதட்டினார்கள், நான் கண்ட பலன் அவ்வளவுதான். துரைமார் நம்மை விட்டுவிட்டு ஓடினார்கள். இந்த ஜப்பான்காரன் எச்சில் தெறிக்கக் கத்தி, கன்னத்தில் அறைகிறான். நான் குனிந்து கும்பிடுகிறேன். எல்லாமே நாறிக் கிடக்கும்போது என் கை மட்டும் சுத்தமாக இருக்க வேண்டுமா?

லாரிக்காரர் பரஞ்சோதியிடம் கொஞ்சம் அரிசி கொடுத்திருக்கிறேன். வயிறாரச் சாப்பிடுங்கள்.

அன்பு அண்ணன்,
ஏசுதாசன்

கூலிம்
25.7.1943

அண்ணனுக்கு,

அரிசியை மூட்டை பிரிக்காமல் பரஞ்சோதியிடமே திருப்பிவிட்டேன். கென்னத்துக்கு அதில் கோபம்.

முருகையாவின் மனைவி ராக்காயி கைப்பிள்ளையோடு நடந்தே இங்கு வந்தாள். கால் புண்ணில் ஈ மொய்த்தது. உங்களைப் பார்க்க வந்தபோதெல்லாம் வீட்டில் இல்லை என்று சொல்லியனுப்பினீர்களாம். நான் சிபாரிசு செய்ய வேண்டுமாம்.

"லயத்து வீடுங்கள்ல என்னென்னமோ பேசுறாங்கம்மா. நான் நம்பல. அம்பயர் ஐயா தொரைக்கே பயப்படாதவரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவர மீட்டுக் குடுத்துருவாருலா."

லயத்தில் பேசுவது உண்மைதான் என்றேன். என் புருஷனைக் காப்பாற்றத்தான் உன் புருஷனைக் காட்டினார் என்றேன். உள்ளே இருந்த கென்னத் இருமினார், வெளியே வரவில்லை.

ராக்காயி என்னையே பார்த்தாள்.

"கூடப் பொறந்தவரப் பத்தி இப்படிப் பேசாதீங்கம்மா."

நான் வைத்த கஞ்சியைத் தொடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அகத்தா