ஏகாதசிப் பரீட்சை

இன்று காலை கம்பவுண்டர் குளோரோபாம் புட்டியைத் திறந்தார். ஒரு குழந்தையின் காலில் கட்டி கீறவேண்டியிருந்தது. இனிப்பும் குளிர்ச்சியுமான அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முப்பது வயது போய் எனக்குப் பதினெட்டாகிவிட்டது. கத்தியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். குழந்தையின் அம்மா, "என்னங்க டாக்டர், உங்களுக்கே பயமா இருக்குங்களா?" என்று கேட்டாள். கீறி, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, டிஸ்பென்சரியைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நம் காலேஜில் ஜுவாலஜி லேப் மாடியில் இருந்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து மேஜைகள்மேல் படுத்துக்கொள்ளும். தூரத்தில் மலைக்கோட்டை மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு தவளை கொடுப்பார்கள். அதைக் கண்ணாடி ஜாடிக்குள் விட்டு, குளோரோபாமில் நனைத்த பஞ்சைப் போட்டு மூடவேண்டும். அடங்கிய பிறகு மெழுகுத் தட்டில் மல்லாத்தி அறுக்கவேண்டும். அறுப்பது எனக்குச் சுலபம். ஜாடியை மூடத்தான் கை வராது. அப்பா கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்கிறவர். எறும்பு போனால்கூட ஒதுங்கி நட என்று சொல்லி வளர்த்த வீடு. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழிப்பேன். பக்கத்து மேஜையிலிருந்து நீ வந்து பேசாமல் வாங்கி மூடுவாய்.

மூடுவதற்குமுன் நான் ஒன்று செய்வேன். இடுப்பில் முடிந்துவைத்த துளசியைத் தண்ணீரில் நனைத்து, தவளையின் வாயில் ஒரு சொட்டு விடுவேன். வீட்டில் பெரியவர்கள் கண்மூடும்போது விடுவார்களே, அப்படி.

"டேய் அய்யங்காரே, எங்க ஊரு வாய்க்கால் தவளைக்கெல்லாம் வைகுண்டத்துல எடம் புடிச்சுக் குடுத்துருவ போலிருக்கே!" என்று சிரிப்பாய். சிரித்தாலும் நான் விட்டு முடிக்கிறவரை காத்திருப்பாய்.

செத்ததைத் தொட்ட உடம்போடு நான் வீட்டுக்குள் நுழையக்கூடாது. லேப் இருக்கிற நாட்களில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் உடுத்த துணியோடு முங்கிவிட்டுத்தான் போவேன். நீ ஹாஸ்டலுக்குப் போகாமல் கூடவே நடந்து வருவாய். என் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்காருவாய். நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி.

"தவளை இதயத்துக்கு எத்தனை அறை?"

"மூணு."

"மனுஷனுக்கு?"

"நாலு."

மறுபடி முங்குவேன். தண்ணீருக்குள்ளும் உன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் கேட்கும். ஆறு மஞ்சளாகும், பிறகு சாம்பல் நிறமாகும். சொட்டச் சொட்ட வாசலில் போய் நின்றால், அம்மா உள்ளேயிருந்து, "தீர்த்தமாடியாச்சா? தளிகை ஆயிடுத்து, வா" என்பாள். இன்டர்மீடியட் இரண்டு வருஷமும் இப்போது எனக்கு ஒரே சாயங்காலமாகத்தான் நினைவிருக்கிறது.

பங்குனியில் ஆறு வற்றி மணலாகக் கிடக்கும். அந்த மணலில் நீ குச்சியால் ஒரு வீடு போடுவாய். "இது உன் ரூம்பு. இது எனக்கு. இது மருந்து கலக்குற எடம். ரண சிகிச்சை நீ பாரு, காய்ச்சல் கண்டதை நான் பாக்கறேன்." இரண்டு பேரும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்துவிட்டு வந்து முசிறிப் பக்கம் கட்டப்போகிற ஆஸ்பத்திரி அது. "எங்க பக்கத்துல காய்ச்சல்னா வண்டியில போட்டு டவுனுக்குத்தான் கொண்டாறணும். வழியிலேயே எத்தனை பேரு போயிடறாங்க தெரியுமாடா?" என்பாய். அதைச் சொல்லும்போது மட்டும் உன் முகத்தில் விளையாட்டு இருக்காது. வாழைத்தோட்டத்தில் ஒற்றை ஆளாக நின்று உன்னைப் படிக்க அனுப்பிய அப்பா, ஊரில் உன்னை இப்போதே 'டாக்டர்' என்றுதான் சொல்கிறார் என்று வெட்கத்தோடு ஒருநாள் சொன்னாய்.

பிராக்டிகல் பரீட்சை ஏகாதசியன்று வந்தது. நான் சுத்த உபவாசம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாளு கண்ண மூடிக்கிட்டு நீயே மூடிரு. உங்க பெருமாளு கோவிச்சுக்க மாட்டாரு" என்று படியேறும்போது சொன்னாய். ஆகட்டும் என்றேன். ஆகவில்லை. மற்ற நாள் என்றால்கூட ஒருவேளை முடிந்திருக்கும். ஏகாதசியன்று ஒரு உயிரை வாங்க என் கை மறுத்துவிட்டது. ஜாடிக்குள் தவளை கண்ணைக் கொட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. பசியில் பரீட்சைக் கூடமே லேசாக ஆடுகிறது. அரைமணி போய்விட்டது.

வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஜன்னல் பக்கம் திரும்பினார். நீ அடங்கிப்போன உன் தவளையைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தாய். என் ஜாடியை எடுத்துக்கொள்ள மறு கையை நீட்டினாய். அதற்குள் அவர் திரும்பிவிட்டார். என் தட்டில் இருந்த உன் கையை மட்டும் பார்த்தார்.

"அவன் உன்னுடையதை எடுக்கிறானா?" என்று என்னைக் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். கோபமாக இல்லை. சொல்லேன்டா என்பதுபோல். ஐயோ, எவ்வளவு நேரம் நின்றாய்! பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவர் கைகாட்டிய வாசல் வழியாகப் போனாய். நான் குனிந்து, நீ வைத்துவிட்டுப் போன தவளையை அறுத்தேன். நன்றாக அறுத்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பக்கத்துப் பையனின் தட்டில் கை வைத்தான் என்று உன் வீட்டுக்குக் கடிதம் போயிற்று. உன் அப்பா உன்னைத் திரும்ப அனுப்பவில்லை. நான் மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன்.

அதற்குப் பிறகும் நீ வந்தாய் பார், அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. நான் ஸ்ரீரங்கத்தில் டிஸ்பென்சரி வைத்ததும் மாசம் ஒரு தடவை வாழைத்தாரோடு வந்து நிற்பாய். நோயாளிகள் எதிரில், "டாக்டர் வரச் சொல்றாருங்க, உள்ள போங்க" என்பாய். ஆள் இல்லாதபோது, "இது எதுக்குடா குடுக்கறே?" என்று ஒவ்வொரு புட்டியாக எடுத்து முகர்ந்து பார்ப்பாய். கேட்டதை வைத்துக்கொண்டு ஊரில் புண் கழுவிக் கட்டுவதாகக் கேள்வி. அந்த நாளைப் பற்றி நீ ஒரு தடவைகூடப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதைப் பெருந்தன்மை என்று உன் கணக்கில் எழுதிவிட்டு நான் சௌகரியமாக இருந்தேன். விஷக்காய்ச்சல் வந்து நீ ஒன்பது நாள் கிடந்தபோது, எனக்கு ஆள் அனுப்பவேண்டாம் என்று நீயே சொன்னாயாம். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. ஏன்டா அப்படிச் சொன்னாய்?

போன ஞாயிற்றுக்கிழமை பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் முசிறிக்குப் போனேன். உன் அப்பா தோட்டத்தில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்று துண்டை உதறி வரப்பில் விரித்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, ஏகாதசி, பரீட்சகர் கேட்டது, நான் வாயைத் திறக்காதது.

கையில் இருந்த முட்டுக் கம்பை வாழையில் சாய்த்துவிட்டுத் திரும்பினார்.

"அப்ப எம் மவன் எடுக்கலையா?"

"இல்லீங்க. எனக்குக் கொடுத்தான்."

"அவன்கிட்ட எத்தனையோ தரம் கேட்டேன் தம்பி. போனது போவட்டும்பான். அதுக்கு மேல ஒரு சொல்லு பேசமாட்டான்." அவர் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் தேவலை. "திருட்டுப் பயலோட ஒக்காந்து திங்கமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்புட்டேன். பதினோரு வருசம். அவன் சாப்பிட்டு எந்திரிச்ச பொறவுதான் நான் எலையில ஒக்காருவேன்."

என்னை அடித்திருக்கலாம். "ஏன் தம்பி இத்தனை நாளு?" என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனார். உன் அம்மாவைக் கூப்பிட்டு, "ரெண்டு எல போடு" என்றார். உன் அம்மா ஒருகணம் அவரைப் பார்த்துவிட்டு, கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை போட்டாள். வெளியில் கை நனைக்காத குடும்பத்துப் பிள்ளை நான். உட்கார்ந்தேன். அவர் என் தோள் இடிக்க உட்கார்ந்து, "சாப்பிடுங்க தம்பி, சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அது உன் சோறு.