ஜெயித்தவர் கட்டும் செலவு

அன்புள்ள அக்கா,

நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதப்போகிறேன். அப்பா திவாலானவர் என்ற ஆணையை நீதிமன்றம் இன்று ரத்து செய்துவிட்டது. நான் கைதட்டப் போனேன். வக்கீல் மாமா தடுத்தார். நம் பேக்கரியை இதுவரை தன் பொறுப்பில் வைத்திருந்த அதிகாரிக்கான செலவை அப்பாவே கட்ட வேண்டுமாம். முதல் விசாரணைக்கு அப்பா வராததால்தான் இத்தனையும் நடந்ததாம். கதைகளில் ஜெயித்தவர் செலவு கட்டுவதில்லை, அக்கா.

"ஏன் வரலைன்னு இப்பவாவது சொல்லுங்கண்ணே," என்றார் மாமா.

"பொண்ணு பேச்சைக் கோர்ட்டுல இழுக்காதய்யா," என்றார் அப்பா.

அன்று அவர் ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பேக்கரியை விற்றால்தான் அந்தச் செலவைக் கட்ட முடியும். மாலையில் அப்பா ரொட்டித் தட்டுகளைக் கழுவி அடுக்கினார். "ஜெயிச்சுட்டோம்னு மட்டும் அக்காவுக்கு எழுது, கண்ணு," என்றார். பிறகு கடை விளக்குகளை அணைத்தார்.

உன் தங்கை