தண்ணீரைப் பார்த்தபடி கேட்டவள்

அன்பு மகளுக்கு,

நாங்கள் மூவரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. நீயும் உடம்பும் மனமும் தெளிந்து இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய கேள்விதான் நினைவுக்கு வந்தது. நான் பாடம் எடுத்த ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி, சரியான வாயாடி, பாடத்துக்கு நடுவே எழுந்து, "சார், பேசும்போது முகத்தைப் பார்க்கணும்னு எங்களுக்குச் சொல்றீங்க, நீங்க மட்டும் போர்டுகிட்டயே பேசிட்டு இருக்கீங்களே, அது என்ன உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அன்றிலிருந்து எழுதி முடித்து, திரும்பி நின்ற பிறகுதான் வாயைத் திறப்பேன். அப்புறம் அந்த வகுப்பில் முகம் பார்த்துப் பேசு என்று யாருக்கும் நான் சொல்ல வேண்டியே வரவில்லை. பிள்ளைகளுக்குக் காது சின்னது, கண் பெரியது.

முகம் பார்த்துப் பேசும் அந்தப் பழக்கத்தை உனக்கும் சோற்றோடு ஊட்டி வளர்த்தேன், அதுவே உன் வேலையில் உன் காலை வாரிவிட்டது. நீச்சல் குளத்தில் காவல் நாற்காலியில் இருப்பவர் யார் கூப்பிட்டாலும் கண்ணைத் தண்ணீரை விட்டு எடுக்கக் கூடாது, பதில் சொல்வதானாலும் தண்ணீரைப் பார்த்தபடியே சொல்ல வேண்டும் என்பது உங்கள் தொழிலின் முதல் விதி, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைப் பழக்குகிறவளே நீதான். அன்று பயிற்சிக்கு வந்த பெண், நீ குருவி என்று கூப்பிடுகிறாயே அவள், நீ இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சந்தேகம் கேட்க, நீ என் மகளாய்த் திரும்பி முகம் பார்த்துப் பதில் சொன்னாய். அதற்குள் ஆழமில்லாத பக்கத்தில் ஒரு குழந்தை கால் வழுக்கி மூழ்கிவிட்டது, நீ பார்ப்பதற்குள் குருவி குதித்துத் தூக்கிவிட்டாள். குழந்தை இருமியது, அழுதது, அப்புறம் ஐஸ்கிரீம் கேட்டது என்று எழுதியிருந்தாய், அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அதோடு விட்டாயா, "இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப்பா இவங்க முன்னாடி நிப்பேன்" என்று எழுதி, பயிற்சிப் பொறுப்பே வேண்டாம் என்று திங்கட்கிழமை மேலாளரிடம் சொல்லப் போவதாக முடித்திருக்கிறாய்.

அதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு வீட்டுச் செய்தி. உன் தங்கை ஸ்கூட்டர் ஓட்டப் பழகுகிறாள். உன் பழைய வண்டியில் சீட்டுப் பூட்டு சரியாக விழாது, அதனால் நீ கிளம்பும் முன் சீட்டை ஒரு தட்டுத் தட்டுவாய், நினைவிருக்கிறதா? அந்த வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. இவள் புது வண்டியில் ஏறும் முன்னும் சீட்டை ஒரு தட்டுத் தட்டுகிறாள். எதுக்குடி இது என்று அம்மா கேட்டதற்கு, "தெரியாதும்மா, அக்கா தட்டுவா" என்கிறாள். கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டுக் கிளம்புவதும் அப்படியே நீதான். இரண்டையும் நீ அவளுக்குச் சொல்லித் தரவில்லை. என் அறிவுரையைக் கேட்டு அவள் ஒரு செருப்பைக்கூட நேராக விட்டதில்லை, அது வேறு விஷயம். பார்த்துக் கற்கிறவர்கள் வேண்டியது வேண்டாதது என்று பிரிக்காமல் மொத்தமாக அள்ளிக்கொள்கிறார்கள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டபோது குருவி உன் முகத்தைப் பார்க்கவே இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய், கொஞ்சம் குறைபட்டுக்கொள்வது போலக்கூட இருந்தது. அந்த வரியை மறுபடி படித்து, அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அந்த நேரத்துக் காவல் அவளுடையது இல்லை, நாற்காலியும் அவளுடையது இல்லை, பேச்சு உன்னோடு, கண் மட்டும் தண்ணீரில். அது எங்கிருந்து வந்தது? விதியை எல்லோரும்தான் படிக்கிறார்கள். அம்மா சட்டென்று, "இவ தினமும் செஞ்சதைத்தானே அவ செஞ்சா? இவ ஒரு நாள் தவறிட்டா, இவகிட்ட கத்துக்கிட்டது தவறலையே" என்றாள். வாழ்நாளெல்லாம் வகுப்பெடுத்த எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது.

அதற்காக நடந்தது தவறில்லை என்று நான் பூசி மெழுகவில்லை. தண்ணீர் மரியாதை பார்க்காது. நாற்காலியில் இருக்கும்போது நானே வந்து கூப்பிட்டாலும் திரும்பாதே, கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அன்றைக்கே அத்தனை பேர் முன்னாலும், "நான் திரும்பிட்டேன், அது தப்பு, குருவி செஞ்சதுதான் சரி" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதையும் அந்தப் பிள்ளைகளின் கண் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். நீ விலகினால், தவறினால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். நாளைக்குக் குருவியும் எங்காவது தவறுவாள், அன்று அவள் ஓடிப்போகக் கூடாது அல்லவா? நீ நின்றால் அவளும் நிற்பாள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீ காவல் இருக்கும் தண்ணீரில் இறங்குகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே கரையேறட்டும், நீயும் நல்ல பெயரோடு நீண்ட நாள் இரு. தலையை நன்றாகத் துவட்டு, காதில் தண்ணீரோடு படுக்காதே, இது அம்மா எழுதச் சொன்னது. என் பங்குக்கு ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை உன் காவல் நேரம் முடிந்து நாற்காலியை விட்டு இறங்கியதும், நேரே மேலாளரிடம் போய், அவர் முகத்தைப் பார்த்து, "பயிற்சியை நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பார்.

உன்மேல் நம்பிக்கை குறையாத
அப்பா