சாய்ந்த டிராகன்

ஜூலை 3, வியாழன்

கஃபாரின் அட்டைக் கடைக்குப் போனேன். டன்லப் தெரு மாடியில், டிராகன், வேதாளம் என்று படம் போட்ட அட்டைகளை மோதவிடும் அந்த ஆட்டத்தை நானும் சில வருடங்களாக ஆடுகிறேன். அவர் மனைவி மைமூனுக்கு ஞாயிறு லீகில் சேர ஆசை. கடையநல்லூரில் தமிழில் படித்தவள், விதிப்புத்தகத்தின் ஆங்கிலம் அவளை விரட்டுகிறது. கஃபார் நிபந்தனை போட்டிருக்கிறார்: யாரையும் கேட்காமல், பிழையில்லாமல், அவரோடு ஓர் ஆட்டம் ஆடி முடிக்க வேண்டும்.

"தாக்குற ரூல் மட்டும் தமிழ்ல எழுதிக் குடுங்கக்கா" என்றாள்.

பத்திரிகையில் நீதிமன்றத் தீர்ப்புகளையே நான்கு பத்தியில் தந்தவள் நான். இது எம்மாத்திரம்?

ஜூலை 4

எழுதிவிட்டேன். 'தாக்கும் அட்டை சாயும். சாய்ந்த அட்டை தடுக்காது.' ஒரு சொல் மிகையில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மைமூன் டிராகனை வைத்துத் தாக்கினாள். அடி விழுந்தது. உடனே டிராகனை எடுத்து, செத்த அட்டைகளின் குவியலில் போட்டாள். அடுத்து வேதாளம், அதுவும் குவியலுக்கு. கஃபார் தன் ஆட்டத்தைத் தொடர்ந்தார். நிபந்தனைப்படி நான் சொல்லித்தரக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் தோற்றபின் கஃபார் சிரித்தார். "உன் ஆளுங்களை நீயே அடக்கம் பண்றியே புள்ள."

"சாயும்னுதானே போட்டிருக்கு? சாஞ்சா மவுத்துதானே லா?"

சாவை அல்ல, அட்டையைப் பக்கவாட்டில் திருப்புவதைச் சொன்னேன் நான். ஆனால் 'மூன்று விக்கெட்டுகள் சாய்ந்தன' என்று எத்தனை தலைப்பு போட்டிருப்பேன்? அவள் சரியாகத்தான் படித்தாள்.

"அடுத்த ஞாயிறு இன்னொரு ஆட்டம்" என்றேன். கஃபார் சரி என்றார்.

ஜூலை 8

'தாக்கும் அட்டையைக் குறுக்காகத் திருப்பி வை. அது சாகவில்லை. உன் அடுத்த முறை வரும்போது நேராக்கு. அதுவரை அது தடுக்காது.'

மைமூனுக்குப் போனில் வாசித்தேன்.

"அப்ப அவர் எல்லாத்தையும் வச்சு அடிச்சா, அவர் பக்கம் காவலுக்கு ஆளே இருக்காதே?"

இதை நான் எழுதவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கஃபார் வழக்கம்போல் எல்லா அட்டைகளையும் திருப்பித் தாக்கினார். மைமூன் எதையும் தடுக்காமல் அடி வாங்கினாள். அவள் கணக்கில் இரண்டே உயிர்ப்புள்ளி மிச்சம். பிறகு தன் ஐந்து அட்டைகளையும் ஒவ்வொன்றாக, நிதானமாக, குறுக்கே திருப்பினாள்.

தடுக்க, கஃபார் தன் அட்டையொன்றை நேராக்கப் போனார்.

"கைய எடுங்க. உங்க முறை இன்னும் வரல. அதுங்க தூங்குதுங்க."

அடுத்த மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஐந்து அடியும் விழுந்தன; கஃபார் தோற்றார்.

ஜூலை 21

லீக் பலகையில் மைமூனின் பெயர் மூன்றாவது.

மாலையில் கஃபார் போன் செய்தார். "அக்கா, தடுக்குறதுக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.