எனக்கு மட்டும் நீ தராத இங்கிலீஷ்

காரில் உன் பாண்டான் இலை வாசம் இன்னும் போகவில்லை. கரப்பான் வராது என்று பின்சீட்டுக்கு அடியில் நீ கட்டிப் போட்ட கட்டு. காய்ந்து சருகாகி, கையில் எடுத்தால் பொடியாகிறது. ஆனாலும் வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் அந்த வாசம்தான் முதலில் வந்து மூக்கில் ஏறுகிறது. இன்றைக்கும் அப்படித்தான். ஹோட்டல் கார் பார்க்கில், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், போனில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சாவியைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். இந்தப் படபடப்போடு ஓட்டினால் ஜாசின் டவுன் வருவதற்குள் எதிலாவது முட்டுவேன். கொஞ்சம் உன்னிடம் பேசிவிட்டுக் கிளம்புகிறேன்.

இன்றைக்கு இண்டர்வியூ. ஆமாம், அதேதான். நாம் இருவரும் சேர்ந்து அப்போதே மனு எழுதிக் கேட்டோமே, முன் கௌண்டர் வேலை. அறை அறையாகக் குளியலறைத் தரை தேய்த்து என் முட்டி போனது உனக்குத் தெரியும். இனிமேல் மண்டி போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கௌண்டர் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு நியாலாஸ் எஸ்டேட்டில் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். மகள் இன்னும் படித்து முடிக்கவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன்.

கௌண்டருக்கு இங்கிலீஷ் வேண்டும். நம் இங்கிலீஷ் லட்சணம்தான் ஹோட்டலுக்கே தெரியுமே. துணி அறையில் நீ மயங்கி விழுந்த அன்று நான் என்ன செய்தேன்? படியிறங்கி ஓடி, லாபியில் வெள்ளைக்காரர்கள் பெட்டியோடு வரிசையில் நிற்கும்போது, "மிஸ், மை ஃப்ரெண்ட் பாஸ்ட் அவே" என்று கத்தினேன். பாஸ்ட் அவுட் என்று சொல்லியிருக்க வேண்டும். மயங்கிவிட்டாள் என்பதற்குப் பதில் செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டேன். அப்போதிருந்த மேனேஜர் முகம் வெளுத்து மேலே ஓடி வந்தார். நீ துணி மூட்டையில் சாய்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாய்.

"உசுரோட என்னைய கொன்னுட்டியே லா, பாவி" என்று சிரித்தாய். அதோடு விட்டாயா? பாசாரில் மீன்காரரிடம்கூட, "இவள நம்பாதீங்கண்ணே, எனக்குக் கருமாதி வரைக்கும் பேசி முடிச்சிட்டா" என்றாய். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

அதற்குப் பிறகுதான் வேலைக்குப் போகும்போது காரில் இங்கிலீஷ் பாடம் தொடங்கியது. நீ வாங்கி வந்த புத்தகம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "இதுல இருக்கிற ஜானையும் மேரியையும் யாரு பார்த்தா? நம்ம ஆளுங்கள போடு லா" என்று அதைத் தூக்கிப் பின்சீட்டில் எறிந்தாய். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் நம் எஸ்டேட்டில் ஓர் ஆள். யூஸ்டு டு ட்ரிங்க் என்றால் முன்பு குடித்தார், இப்போது இல்லை. அதற்கு லோரி ஓட்டும் மாமா. ஈஸ் யூஸ்டு டு என்றால் பழகிப்போனது. அதற்கு அவர் சம்சாரம். "மாமா தண்ணிய விட்டுட்டாரு. அத்தைக்கு ஏசி ஏசிப் பழகிப்போச்சு, விட முடியல" என்றாய். ஆன் டைம் என்றால் சொன்ன நேரத்துக்கு. அது பள்ளிக்கூட பஸ் டிரைவர். இன் டைம் என்றால் கைமீறிப் போவதற்குள். அது நம் கோயில் பூசாரி. சூடம் ஏற்றும் நேரத்தில் வேட்டியை இறுக்கிக்கொண்டே ஓடி வருவாரே, அவர்.

ஹேங் ஆன், கொஞ்சம் இரு. அதற்கு ஆள் நீயேதான். காலையில் உன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தால், வாயில் ஊக்கோடு ஜன்னலில் தலையை நீட்டி, "ஹேங் ஆன், ஹேங் ஆன்" என்பாய். என் பொறுமையெல்லாம் அந்த வாசலில்தான் தீர்ந்தது.

ஊரில் இருக்கும் எல்லாருக்கும் ஒன்று கொடுத்தாய். எனக்கு மட்டும் கிடையாது. கேட்டால், "உனக்கு எதுவும் பொருந்தல லா. நல்லதா ஒன்னு வரட்டும், பறக்காத" என்பாய். நான் கோபித்துக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பேன்.

பாஸ்ட் அவுட், பாஸ்ட் அவே பாடம் வந்தபோது, "இதுக்கு நான் இருக்கேன். இன்னொன்னுக்கு யாரும் வேணாம், காலியா கெடக்கட்டும்" என்றாய். அந்த மயக்கம் வெறும் மயக்கம் இல்லை, இருதயக் கோளாறு என்று பிறகுதானே தெரிந்தது. காலியாக விடு என்று சொன்னவளே போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாய். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

உன்னைக் கேட்டவர்களிடம் நீ போய்விட்டதைத் தமிழில் சொன்னேன், மலாயில் சொன்னேன். இங்கிலீஷில் மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு லாபியில் அதைத் தப்பாகச் சொன்னபோது நீ உயிரோடு இருந்தாய். சரியாகச் சொல்லாதவரை மேலே எங்கோ மைலோ குடித்துக்கொண்டிருப்பாய் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

இப்போது புது மேனேஜர். சீனப் பெண், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அறைக்கு வெளியே வந்து என் பெயரைக் கூப்பிட்டாள். பிறகு பழைய மனுவைப் பார்த்து உன் பெயரையும் கூப்பிட்டாள். "யுவர் ஃப்ரெண்ட் இஸ் ரன்னிங் லேட்?" என்று கேட்டாள்.

"ஷி பாஸ்ட் அவே, மிஸ். லாஸ்ட் இயர்" என்றேன். சொல்லிவிட்டுப் படிப் பக்கம் பார்த்தேன். யாரும் சிரித்துக்கொண்டு இறங்கி வரவில்லை.

அவளே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் கேட்ட கேள்விக்கெல்லாம் எப்படியோ பதில் சொன்னேன். விருந்தாளி தாமதமானால் என்ன சொல்வாய் என்றதற்குப் பூசாரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நினைப்பில் வந்து நின்றார், இன் டைம் தானாக வாயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் நீலக் கோட்டுப் போட வேண்டும்.

புறப்படும்போது அவள் என் தோளைத் தொட்டு, "ஹேங் இன் தேர்" என்றாள். உன் ஹேங் ஆன்தான் எனக்குத் தெரியும். கொஞ்சம் இருக்கச் சொல்கிறாள் என்று கதவோரம் கைகட்டி நின்றேன். அவள் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்து விழித்தாள், நானும் விழித்தேன். பாசார் முழுக்கச் சொல்லிச் சிரிக்க உனக்கு ஒன்று கிடைத்திருக்கும்.

காருக்கு வந்து போனில் தேடிப் பார்த்தேன். கஷ்டத்தில் இருப்பவரிடம், மனசை விட்டுவிடாதே, தாக்குப்பிடி என்று சொல்வதாம். இதற்கு ஆள் போட வேண்டுமே. எஸ்டேட் ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன், ஒருவரும் பொருந்தவில்லை. கடைசியில் என்னையே போட்டுக்கொண்டேன். உன்னைக் கேட்கவில்லை.

இனி கிளம்புகிறேன். நீ போனதிலிருந்து உன் வீட்டைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடுவேன். இன்றைக்கு நிறுத்தி ஹாரன் அடிக்கப் போகிறேன். உன் மாமியார் ஏசினால் ஏசட்டும். ஜன்னலில் யாரும் தலையை நீட்ட மாட்டார்கள் என்று தெரியும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நானே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.