அரை அங்குலம் தள்ளிய பேஸ் கிட்டார்

14.3.1984, புதன், காலை ஆறு மணி, வீட்டில். உங்கள் பேஸ் கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பாலம் அரை அங்குலம் பின்னால் தள்ளித் திருகப்பட்டிருக்கிறது.

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடுங்கள். இட்லியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். பிறகு கட்டிலைப் பாருங்கள். உங்கள் கிட்டாரும், பேஸ் வாசிக்கும் பிரிஞ்சாங் முருகையாவுடையதும் அங்கே இருக்கின்றன. ஒரே கடை, ஒரே மாடல், ஒரே விலை. பக்கத்தில் என் தையல் டேப். அவருடையதில் மேல்முனையிலிருந்து பன்னிரண்டாம் பிரெட் கட்டை வரை பதினேழு அங்குலம், அங்கிருந்து பாலம் வரை பதினேழு; இரண்டும் சமமாக இருந்தால்தான் சுருதி சேருமாம். உங்களுடையதில் பதினேழு, பதினேழரை. நம்பாவிட்டால் நீங்களே அளந்து பாருங்கள்.

நேற்று முருகையா உங்களுடையதை வாசித்தார். அவருக்கும் சுருதி இறங்கியது. "அக்கா, அண்ணனுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. கிட்டாருதான் கோணல் லா," என்றார்.

ஆகவே ஃபாக்டரி மிஷின் சத்தத்தில் காது போய்விட்டது என்ற எண்ணத்தை விடுங்கள். கல்யாண வீட்டில் பேண்ட் தலைவர் தங்கையா, "நாங்க மலை மேல பிரிஞ்சாங்ல நிக்கிறோம், நீங்க கீழ லெம்பா பெர்த்தாமுக்கு எறங்கிட்டீங்களேண்ணே" என்றபோது நான் சிரித்திருக்கக் கூடாது. நான்கு நாளாக நீங்கள் பேசாதது அதனால்தான் என்று தெரியும்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பாலத்தைக் கழற்றி நகர்த்த முருகையா நான்கு மணிக்கு வருவார். சனிக்கிழமை வரை அவருடையதை வைத்துக்கொள்ளவும் சொன்னார்.

பின்குறிப்பு: உங்களுக்குப் பதில் வேறு ஆள் தேட வேண்டாம் என்று தங்கையாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். சனிக்கிழமை கச்சேரிக்கு ஐந்து மணிக்கு பேண்ட் வேன் வரும்.